பன்றிக்கு வாங்கிய ஸ்கோப்

என் கணவர் ரைஸ் குக்கர் வாங்கவே ஒரு மாதம் ஆராய்ச்சி செய்கிறவர். துப்பாக்கியில் மாட்டும் தெர்மல் ஸ்கோப் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆஸ்டினுக்கு வெளியே கொஞ்சம் நிலத்தோடு வீடு வாங்கியிருந்தோம். அம்மா போன பிறகு கும்பகோணத்தில் தனியாக இருந்த அப்பாவை எங்களோடேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் பிடிவாதம். அவரோ ஒவ்வொரு முறையும், "இந்த ஊர் எனக்குச் சரிப்படாதும்மா" என்று கிளம்பிவிடுவார். இந்தத் தடவை பின்பக்கம் கத்திரியும் பூசணியும் போட்டார். காய்க்க ஆரம்பித்ததும், "கிரீன் கார்டுக்கு வேணா அப்ளை பண்ணிப் பாரேன்" என்று அவராகவே சொன்னார். நான் பாத்ரூமுக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அந்தச் சந்தோஷம் யார் கண்ணில் பட்டதோ, அடுத்த வாரமே காட்டுப்பன்றிகள் வந்து பாதித் தோட்டத்தை உழுது போட்டுவிட்டன. டெக்சஸில் இது சகஜம். அப்பா சிதைந்த பாத்திகளுக்கு நடுவே நின்று, "எதுக்கும்மா இதெல்லாம், நான் ஊருக்கே போயிடறேன்" என்றார். ஏதாவது செய்யுங்கள் என்று கணவரின் உயிரை எடுத்தேன். ஆபீஸ் நண்பர்களோடு சுடப் பழக அவர் ஏற்கெனவே ஒரு துப்பாக்கி வாங்கி வைத்திருந்தார்.

"நைட்ல வர்றதை எப்படிச் சுடறது? தெர்மல் இல்லாம முடியாது" என்றார்.

உடம்புச் சூட்டைப் படமாக்கிக் காட்டுகிற கருவி அது. இருட்டில் உயிருள்ளதெல்லாம் வெள்ளையாகத் தெரியும். சாப்பிடும்போதும் வீடியோ, படுக்கும்போதும் வீடியோ என்று அலசி, கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்றில் படம் துல்லியம். காது, வால் வரை பிரிந்து தெரியும். இன்னொன்று வெகுதூரத்துச் சூட்டையும் பிடித்துவிடும், ஆனால் பிடித்தது எது என்று தெளிவாகக் காட்டாது. அதில் தெரிவதைப் போனிலும் பார்க்கலாம்.

"நம்ம தோட்டத்துக்குப் பன்னியை விட்டா வேற என்ன வரப் போகுது? இதையே ஆர்டர் பண்ணிடறேன். நீயும் கிச்சன்லேர்ந்து லைவா பாக்கலாம்" என்றார். எனக்கும் அந்தப் போன் விஷயம்தான் பிடித்திருந்தது.

ஒரு நாள் உறைபனி வரும் என்று எச்சரிக்கை. மாலையிலேயே அப்பா பழைய பெட்ஷீட்களைக் கொண்டு செடிகளை மூடிவிட்டுப் படுத்தார். விடிவதற்கு முன் கணவர் பின்வாசலில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார். நான் காபிக்குப் பால் வைத்துவிட்டுப் போனைப் பார்த்தேன். பூசணிப் பாத்தியில் தரையோடு தரையாக, மங்கலான வெள்ளையில் அகலமாய் ஒன்று. கால் தெரியவில்லை, கழுத்து தெரியவில்லை. மெல்ல நகர்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. சனியன், மாட்டிக்கொண்டது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். தன் தோட்டத்தை அழித்தது சாவதை அப்பாவும் பார்க்கட்டுமே என்று அவரை எழுப்பப் போனேன்.

படுக்கை காலியாக இருந்தது. கொக்கியில் மங்கி கேப் இல்லை. கம்பளியும் இல்லை. கராஜ் பக்கக் கதவு திறந்திருந்தது.

நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. கணவர் சுடவில்லை. அது பக்கவாட்டில் திரும்பட்டும் என்று விசையில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாராம். உள்ளே ஓடி வந்து சிங்க்கில் குனிந்து வாந்தி எடுத்தார். "மாமாகிட்ட சொல்லாத, ப்ளீஸ்" என்றார்.

அப்பா கைகளைத் தேய்த்துக்கொண்டே உள்ளே வந்தார். "காத்துல செடி மேல போட்ட ஒரு பெட்ஷீட் விலகிப் போச்சும்மா. குந்தி உக்காந்து ஓரமெல்லாம் மண்ணைத் தள்ளிட்டு வந்தேன். என்ன சத்தம்? பால் பொங்கிடுச்சா?"

ஸ்கோப்பைத் திருப்பி அனுப்பினோம். துப்பாக்கியை விற்றாயிற்று. ஆனால் அதற்குப் பிறகு கணவரால் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். அப்பா ஹாலுக்கு வந்தால் எழுந்துவிடுவார். அப்பா கவனிக்காமல் இருப்பாரா?

"நான் இருக்கிறது மாப்பிள்ளைக்குப் பிடிக்கலையோ?" என்று ஒரு நாள் கேட்டார்.

"ஆபீஸ் டென்ஷன்பா" என்று புளுகினேன். உண்மையைச் சொன்னால் அதன் பிறகு அவர் இந்த வீட்டில் கண் மூடித் தூங்குவாரா? என்னை இங்கே விட்டுவிட்டு ஊரிலாவது தூங்குவாரா? கிரீன் கார்டு பேச்சை அவர் மறுபடி எடுக்கவே இல்லை. டிக்கெட் போடச் சொன்னார். போட்டேன்.

ஏர்போர்ட்டில் உள்ளே போவதற்கு முன் அப்பா என் கணவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"என்னால ஏதாவது தொந்தரவு நடந்திருந்தா மனசுல வெச்சுக்காதீங்க மாப்பிள்ளை. வயசானவன், மன்னிச்சுடுங்க" என்றார்.