மகள் சேரப்போகும் கல்லூரியின் பெயர்

இன்று நானும் மகளும் போன மடுல்சீமை பஸ்ஸில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் முன்பு எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த செல்வியக்கா ஏறினார்.

"ஒம் மக அமெரிக்காவுக்குப் படிக்கப் போகுதாமே! எந்த கேம்பஸ்?"

உலகமே அறிந்த ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னேன். போன மாதம் மகளை வேண்டாம் என்றது அதுதான்.

அவளே தேடிப் பிடித்த கல்லூரி வேறு. அவளுடைய பாடத்துக்கு அது பெயர்பெற்ற இடம். முழுப் புலமைப்பரிசிலும் தந்திருக்கிறார்கள். எங்கள் பதுளைப் பக்கத்தில்தான் யாருக்கும் அதைத் தெரியாது.

பக்கத்தில் இருந்த மகள், "அங்க கெடைக்கல பெரியம்மா. நான் போறது வேற காலேஜ்," என்று அதன் பெயரைச் சொன்னாள்.

"எதுவா இருந்தா என்னம்மா, நல்லாப் படிச்சிட்டு வா," என்று செல்வியக்கா அவள் கன்னத்தைத் தடவினார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இறங்கியதும் மகள் கேட்டாள்: "அம்மா, என் காலேஜ சொல்ல ஒங்களுக்கு வெக்கமா இருக்கா?"

மழையே இல்லாமல் குடையை விரித்தேன். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?