ஒரு படிவத்தில் பத்துப் பேர்

"எங்கட கொம்பியூட்டரை நிப்பாட்டின சற்குணம் மோசம் போயிட்டாராம், மிஸிஸ் டேவிட்."

திங்கட்கிழமை காலை, பழைய அலுவலகத் தோழி ஒருவர் தொலைபேசியில் சொன்ன செய்தி இது. மனிதர் இறந்து ஒரு நாள் ஆகவில்லை. அவருக்கு முன்னால் அந்தப் பழி வந்து நின்றது. அருவருத்துப்போய்த் தொலைபேசியை வைத்தேன்.

யுத்தம் மீண்டும் மூண்டிருந்த காலத்தில், கொட்டாஞ்சேனையில் நாங்கள் வேலை பார்த்த கப்பல் முகவர் அலுவலகத்தின் கணினிப் பொறுப்பாளர் திரு. சற்குணம் அவர்கள். நான் முகாமையாளரின் செயலாளர். ஒரு சொல் போதுமான இடத்தில் அவர் இரண்டு சொல் பேசமாட்டார். அந்த அலுவலகத்தில் நான் மதித்த ஒரே குணம் அது.

ஓராண்டுச் சரக்குப் பட்டியல்களை ஒன்றுசேர்க்கும் புரோகிராம், மெமரி போதவில்லை என்று ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றது. மெமரி வாங்கிப் போடுவோம் என்றார் முகாமையாளர்.

"போட்டும் பிரயோசனமில்லை, சேர். இந்த மெஷினில நாலு கிகாபைட் இருந்தாலும், ஓடுற ஒரு புரோகிராமுக்கு இரண்டுதான் கிடைக்கும். வேலையைப் பிரிச்சு ஓட்டவேணும்" என்றார் சற்குணம்.

முகாமையாளர் கேட்கவில்லை. தலைமையகத்திடம் பெருமையடித்து வாங்கிப் போட்டார். புரோகிராம் அதே இடத்தில் நின்றது.

தன் முகத்தைக் காப்பாற்ற அவர் செய்ததை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவரும் தமிழர்தான். "இவ்வளவு வாங்கித் தந்தும் நிக்குதெண்டா, ஆரோ வேணுமெண்டு நிப்பாட்டுகினம்" என்றவர், பொலிசுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் சொல்லி என்னை எழுதச் சொன்னார். அதில் சற்குணத்தின் பெயர் இருந்தது. நாசவேலை என்ற சொல்லும் இருந்தது. அந்த நாட்களில் அந்தச் சொல்லோடு போன தமிழர் திரும்பிவருவது நிச்சயமில்லை. நான் மறுக்கவில்லை. இலக்கணப் பிழைகளைத் திருத்தி, தட்டச்சுச் செய்து கொடுத்தேன்.

பொலிசார் சற்குணத்தை மூன்று நாள் பிடித்து வைத்திருந்தார்கள். வெளியே வந்தபின் ஒரேயொரு முறை அதைப்பற்றிச் சொன்னார். விசாரித்த சார்ஜன்ட்டிடம், மேசையில் கிடந்த பதிவுப் படிவத்தைக் காட்டிச் சிங்களத்தில் கேட்டாராம்: "வீட்டாக்களைப் பதியிற உங்கட போமில எத்தினை வரி?"

"பத்து."

"பதினொராவது ஆள் இருந்தா?"

"இன்னொரு போம்."

"அலுமாரி நிறையப் போம் கிடந்தாலும், ஒரு போமில பத்துப் பேர்தானே? எங்கட மெமரியும் அப்பிடித்தான்."

சார்ஜன்ட் சிரித்துவிட்டாராம். "இதை உங்கட மனேஜர் மகாத்தயாவுக்குச் சொல்லேல்லையா?"

"மூண்டு தரம் சொன்னனான்."

விட்டுவிட்டார்கள். வேலை மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. அடுத்து வந்தவர் வேலையைப் பிரித்து ஓட்டினார், ஓடியது. பாராட்டு முகாமையாளருக்குப் போனது. சற்குணம் புறக்கோட்டைக் கடைகளுக்குக் கணினி திருத்திப் பிழைத்தார். அவர்மேல் சுமத்திய சொல்லை ஒருவரும் திரும்ப எடுக்கவில்லை, நான் உட்பட.

செவ்வாய்க்கிழமை வெள்ளவத்தைக்குப் போய், அவருடைய மனைவியிடம் கடிதத்தைப்பற்றிச் சொன்னேன்.

"தெரியும், மிஸிஸ் டேவிட். பொலிசில அவருக்குக் காட்டினவங்கள். ஒரு கொமா பிழைக்கேல்லை, மிஸிஸ் டேவிட்தான் அடிச்சிருக்கிறா எண்டு வந்து சொன்னவர்."

"கோபிக்கேல்லையா?"

"அவவுக்கும் வேலை வேணும்தானே எண்டவர்."

எல்லாம் தெரிந்துகொண்டுதான் ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தார்ப் பண்டிகைக்கு என் வீட்டுக்கு வந்து, கதிரை நுனியில் அமர்ந்து, ஒரு துண்டு கேக் சாப்பிட்டு, "நல்லாயிருக்கு" என்று மட்டும் சொல்லிப் போனார்.

சற்குணம் அவர்களே, கணினியை நீங்கள் நிறுத்தவில்லை. அந்தப் பொய்யைப் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தவள் நான். போய் வாருங்கள்.