பதினெட்டு விமானங்கள் ஓட்டியவள்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பதினெட்டு. ஒரே நேரத்தில் பதினெட்டு விமானங்களை ஓட்டுவாள். ஜன்னல் இல்லாத அறை, இரண்டு திரை, ஒரு கீபோர்டு, ஒரு ஹெட்செட். அவ்வளவுதான் அவளுடைய ஆகாயம். விமானங்களை வழிநடத்தப் புது முறை எதையாவது கொண்டுவருவதற்கு முன்னால் அதை சிமுலேட்டரில் ஓட்டிப் பார்ப்பார்கள். பக்கத்து அறையில் நிஜமான கட்டுப்பாட்டு அதிகாரி உத்தரவு போடுவார். இல்லாத விமானங்களின் பைலட்டாக இவள் பதில் சொல்லிக்கொண்டே அவர் சொன்ன உயரத்தைத் தட்ட வேண்டும். ஒரு விமானத்துக்குக் கரகரத்த குரல், ஒன்றுக்கு மூக்கால், ஒன்றுக்குத் தூக்கக் கலக்கம். ஆறு வருஷமாகத் தொண்டையை விற்றுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அதிகாரி தேர்வை அவளும் இரண்டு தடவை எழுதினாள். ஊத்திக்கொண்டது. அண்ணன் முதல் தடவையே தேறினான். "பொம்மை பைலட் வந்தாச்சு, எல்லாரும் பெல்ட்டைப் போடுங்க" என்பான் சாப்பாட்டு மேஜையில். அண்ணி சிரிப்பாள். இவளும் சிரித்துவைப்பாள்.

அந்த வாரம் சோதனைக்கு வந்தது, இரண்டு பேர் பார்க்கும் வான்பகுதியை ஒரே ஆள் பார்க்கும் முறை. சமாளித்தால் நாற்காலி நிலைக்கும். திணறினால் கோப்பு தூக்கும் பிரிவுக்குப் போக வேண்டியதுதான். சோதனைக்கு உட்கார்ந்தவன் அண்ணன்.

முதல் நாளே அவனுக்குக் கண்ணைக் கட்டியது. ஒரு விமானத்தை இன்னொன்று பறக்கும் உயரத்துக்கே இறக்கச் சொன்னான். சொன்னதைச் சொன்னபடி செய்ய வேண்டும் என்பது விதி. அவளுக்குக் கை வரவில்லை.

"சரியாக் கேக்கல சார், மறுபடி சொல்லுங்க" என்றாள், மூக்கால்.

அண்ணன் திரையைப் பார்த்துத் திருத்திக்கொண்டான். மூன்று நாளில் இப்படிப் பதினொரு தடவை.

நான்காம் நாள் காலையில் சோதனைத் தலைவி வந்து நின்றாள். "லைன்ல ஒரு கோளாறும் இல்ல. உங்களுக்கு மட்டும் என்ன காது மந்தம்? இன்னொரு தடவை திருப்பிக் கேட்டீங்க, வேற ஆளை உட்கார வைப்பேன்."

வேறு ஆள் வந்தால் அண்ணனை எச்சரிக்க யாருமே இல்லை. அவள் திருப்பிக் கேட்பதை நிறுத்திக்கொண்டாள்.

மத்தியானம் அதே தப்பு. "முப்பத்திரண்டாயிரம் அடிக்கு இறங்குங்க." அவள் அதை எழுத்துக்கூட்டுவதுபோல நிறுத்தி நிறுத்தித் திருப்பிச் சொன்னாள். அண்ணன் திருத்தவில்லை. கேள்வி வரவில்லையென்றால் சரியாகத்தான் சொல்லியிருக்கிறோம் என்று அவன் பழகிப்போயிருந்தான். திரையில் இரண்டு புள்ளிகள் ஒன்றாயின. அந்த மென்பொருளில் விமானங்கள் நொறுங்குவதில்லை. ஒன்றுக்குள் ஒன்று புகுந்து மறுபக்கம் போய்விடும். மூலையில் இருக்கும் மோதல் எண்ணிக்கை மட்டும் ஒன்று கூடும். சாயங்காலத்துக்குள் அது நான்காகிவிட்டது.

விசாரணையில் அண்ணன் தயங்கவே இல்லை. "மூணு நாளா நான் தப்பாச் சொன்னப்பல்லாம் பைலட்டே திருப்பிக் கேட்டாங்க மேடம். அதை நம்பிட்டேன். இன்னைக்கு வேணும்னே கேக்கல."

"அவங்க எதுக்கு வேணும்னே செய்யணும்?" என்றாள் தலைவி.

"அவ என் தங்கச்சி மேடம். தேர்வுல தேறலைன்னு ரொம்ப நாளா என்மேல வயித்தெரிச்சல்."

தலைவி அவள் பக்கம் திரும்பினாள். "நிஜமா?"

"திருப்பிக் கேட்டது நான்தான்" என்றாள். கேட்கக் கூடாதென்று காலையில் மிரட்டியது யார் என்று சொல்வதற்குள் தலைவி அடையாள அட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டாள். நாலு நாள் பதிவும் செல்லாது என்று அழிக்கப்பட்டது.

திங்கட்கிழமை அண்ணனுக்கு மறு சோதனை. நாலு நாள் பார்த்த அதே விமானங்கள், அதே நேரம், அதே பாதை. மனப்பாடமாக ஒப்பித்துத் தேறிவிட்டு வந்தான்.

"மனசுல வெச்சுக்காதே" என்றான் அன்றைய சாப்பாட்டு மேஜையில். "அந்த நேரத்துல வேற எதுவும் தோணல."

அண்ணி அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். "அவர் நாற்காலி போகக் கூடாதுன்னுதானே நீயும் நினைச்சே?"

"ஆமா அண்ணி" என்றாள். அதில் பொய் இல்லை.