துரை விட்டுப்போன இரண்டு சீட் காடி

ரப்பர் விலை அடியோடு விழுந்துபோன முப்பதுகளின் ஆரம்பத்தில், மலாயாவின் ஜொகூரில் யோங் பெங்குக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தோட்டத்தில் நடந்தது இது. நான் அங்கே பால்மரம் சீவிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு டிரைவர். விலை விழுந்ததும் முதலில் எங்களுக்கு வேலை போயிற்று, பிறகு துரைக்கே போயிற்று. என் வீட்டுக்காரருக்கு அவர் பல மாதச் சம்பளம் பாக்கி வைத்திருந்தார். கையில் காசில்லை. அதனால் தன்னுடைய ஸ்போர்ட்ஸ் காடியை இவர் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுச் சீமைக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் காருக்குக் காடி என்றுதான் பேர். இது இரண்டே பேர் உட்காரக்கூடிய காடி. மூக்கு நீளம், பின்பக்கம் குட்டை, பச்சை நிறம். அடுத்த வேளை அரிசிக்கு வழியில்லாத குடும்பத்துக்குச் சொத்து ஒரு ஸ்போர்ட்ஸ் காடி என்றால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயமே சிரித்தது. ரப்பர் உலர்த்தாமல் மூடிக்கிடந்த புகைக்கூடத்தின் சாய்ப்பில் அதை நிறுத்தி வைத்தோம். பெட்ரோல் வாங்க முடியாததால் கோழிகள் அதில் குடியேறிவிட்டன.

வேலையில்லாதவர்களை இந்தியாவுக்கு, சொந்த ஊருக்கு அனுப்பக் கப்பல் ஏற்பாடாகியிருந்தது. மற்றவர்களுக்கு அதில் பாதி வருத்தம், பாதி சந்தோஷம். எங்களுக்கோ முழுக்கப் பயம். நானும் அவரும் வேறு வேறு சாதி. தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டிக்கொண்டோம். இங்கே யாரும் அதைப் பெரிதாகக் கேட்கவில்லை. ஊரில் கேட்பார்கள், அரிவாளோடு வந்து கேட்பார்கள். கப்பலை விட்டு இறங்கினால் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இடுப்பில் இருந்த எங்கள் மகள் எந்தப் பக்கம் என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது. ஆயர் ஈத்தாமில் சாலை பிரிகிற இடத்தில் பாதிக் கடை ஒன்று வாடகைக்கு வருவதாகக் கேள்விப்பட்டிருந்தோம். முன்பணம் கொடுத்து, ஒரு தோசைக்கல்லும் நாலு பாத்திரமும் வாங்கிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். கப்பலுக்குப் பேர் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குக் காடியை விற்றாக வேண்டும்.

அவர் தெரிந்த லாரிக்காரர்களிடம் எல்லாம் சொல்லிவைத்தார். வாரக்கணக்கில் ஒரு ஈ காக்கை கூட வரவில்லை. கடைசியில் ஒருநாள், “ஜொகூர் பாருவிலிருந்து ஒரு ஐயா நாளைக்குக் காடி பார்க்க வருகிறார்” என்று லாரிக்காரர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனபோது, என் வீட்டுக்காரர் மலேரியாக் காய்ச்சலில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிதற்றிக்கொண்டு கிடந்தார்.

ஓடிப்போய் அவர் காதருகே குனிந்து, “என்ன வெல சொல்லட்டுங்க?” என்று கேட்டேன்.

“ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்து” என்றார்.

மறுபடி கேட்டேன். மறுபடியும் தண்ணிதான். சரி, இந்த மனிதரிடம் இன்றைக்கு விலை பெயராது என்று திரும்பிவிட்டேன்.

காடியின் விலையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? எங்களுக்கு என்ன வேண்டும் என்று யோசித்தேன். கடை முன்பணம், பாத்திரம், அரிசி உளுந்து, பிள்ளைக்குப் பால் எல்லாம் சேர்த்து எண்பது வெள்ளி வந்தது. டாலருக்கு எங்கள் பக்கத்தில் வெள்ளி என்று பேர். வருகிறவர் அடித்துப் பேசுவதற்கு மேலே நாற்பது. ஆக நூற்றிருபது வெள்ளி. பசாரில் மீன் வாங்கிப் பழகிய எவளும் இப்படித்தான் கணக்குப் போடுவாள். பிறகு கோழிகளை விரட்டி, சீட்டைக் கழுவி, முன்விளக்குகளைப் புளியும் சாம்பலும் போட்டுக் கை வலிக்க வலிக்கத் தேய்த்தேன். அழுக்கெல்லாம் போய் இரண்டும் பொன்னாக மின்னின.

மறுநாள் காலையில் வாடகைக் காடியில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். ஒருவர் தம்போய் ஊர்ப்பக்கத்துப் பட்டறை ஒன்றைச் சேர்ந்த சீன மெக்கானிக். மற்றவர்தான் வாங்க வந்தவர். சிலோன் தமிழர், சின்ன வயது, மூக்குக் கண்ணாடி, கழுத்தில் டை. ஜொகூர் பாருவில் கவர்மெண்ட் ஆபீசில் வேலை. எனக்கு அவரைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. எங்கள் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியும் சிலோன்காரர்தான். “ஏ புள்ள, இங்க வா” என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து எனக்கு ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. இவரும் அதே மாதிரிதான் இருப்பார் என்று நினைத்துக்கொண்டு, சண்டைக்குத் தயாராகவே நின்றேன்.

ஆனால் இவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, “நீங்கள்தானே அம்மா கார்க்காரற்ர மனுசி? பாக்கலாமோ?” என்று கேட்டார். டை கட்டிய ஒருவர் என்னை நீங்கள் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. தலையை மட்டும் ஆட்டினேன்.

மெக்கானிக் சோதித்த சோதனை இருக்கிறதே, எங்கள் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரசர் கூட ஒரு நோயாளியை அப்படிப் பார்த்ததில்லை. அடியில் படுத்துப் பார்த்தார். சக்கரத்தைத் தூக்கி ஆட்டினார். எண்ணெயை விரலில் தொட்டு மோந்தார். கொண்டுவந்திருந்த பெட்ரோலை ஊற்றி முடுக்கியதும் காடி உறுமிய உறுமலில் கோழிகள் காட்டுக்குள் ஓடின. இரண்டு பேரும் ஏறித் தோட்டத்து ரோட்டில் ஒரு சுற்றுப் போய்வந்தார்கள். இறங்கியதும் தங்களுக்குள் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். மெக்கானிக் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது.

“என்ன விலை சொல்லுறீங்கள்?” என்று கேட்டார் அந்த ஐயா.

“நூத்திருபது வெள்ளிங்க. தொரை வச்சிருந்த காடி. கறாரான வெல.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மெக்கானிக்கைப் பார்த்தார், மறுபடி துடைத்தார். பேரத்தில் வாயைத் திறக்காத ஆள்தான் பொல்லாத ஆள் என்று எனக்குத் தெரியும்.

“சரிங்க, நூறு” என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை. “என் வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியில கெடக்காருங்க. தொண்ணூறுன்னா எடுத்துக்குங்க. அதுக்குக் கீழ ஒரு காசு கொறைக்க மாட்டேன்!”

“கொஞ்சம் பொறுங்கோ அம்மா, என்னைக் கதைக்க விடுங்கோ” என்று அவர் இரண்டு கையையும் தூக்கினார். “இந்தக் கார் இருநூற்றைம்பது வெள்ளி பெறும். மெக்கானிக்கும் அதைத்தான் சொல்லுறார். நான் அவ்வளவு காசோடதான் வந்தனான். அதைத் தாறன்.”

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. கேட்டதற்கு மேலே கொடுக்கிற ஆளை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

“உள்ள என்னத்தப் பாத்தீங்க?” என்று கேட்டேன். “தொரை எதையாச்சும் ஒளிச்சு வச்சிட்டுப் போயிட்டாரா? ஒண்ணும் தெரியாத பொம்பளைன்னு நெனச்சீங்களா?” அவர் பதில் சொல்வதற்குள் நானே சீட்டைத் தூக்கி அடியில் கைவிட்டுத் துழாவினேன். ஒரு கோழிமுட்டைதான் கிடைத்தது. அப்படியும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. “காடி விக்கிறதுக்கு இல்ல. நீங்க போலாம்” என்று முட்டையும் கையுமாகக் காடிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

மெக்கானிக் பொறுமை இழந்து, “கீலா!” என்றார். பைத்தியம் என்கிறார். அந்த அளவு மலாய் எனக்கும் தெரியும். “யாருய்யா கீலா?” என்று அவர் பக்கம் திரும்பினேன். அவர் சட்டென்று ஒரு சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு அந்தப்பக்கம் போய்விட்டார்.

அந்த ஐயா மட்டும் போகவில்லை. காடியின் மிதிபலகையில், வெள்ளைக் கால்சட்டை அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் உட்கார்ந்தார். “நூற்றிருபது எண்டு எப்பிடி வந்தது? அதை மட்டும் சொல்லுங்கோ, நான் போயிடுறன்” என்றார்.

சொன்னேன். கடை, தோசைக்கல், பிள்ளைக்குப் பால், அவர் அடித்துப் பேசுவதற்கு நாற்பது என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

“அது உங்கட தேவையின்ர கணக்கல்லோ. காரின்ர விலை வேற” என்றார். பிறகு, “கப்பல் இருக்குத்தானே? ஊருக்குப் போனால் நல்லமில்லையோ?” என்று கேட்டார்.

“போனா நாங்க புருசன் பொஞ்சாதியா இருக்க முடியாதுங்க” என்றேன். ஆபீசுக்காரரிடம் இதையெல்லாம் ஏன் உளறினோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். நீ என்ன சாதி, அவர் என்ன சாதி என்று அடுத்து வரப்போகும் கேள்விக்காகக் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. எழுந்து பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“சரி. முதலிலயிருந்து வருவம். நான் இப்பதான் வந்து இறங்கினனான். விலை கேக்கிறன். முந்நூறு எண்டு சொல்லுங்கோ.”

“எதுக்குங்க?”

“சொல்லுங்கோவன்.”

“முந்நூறு” என்றேன். எனக்கே கேட்காத குரலில்தான் வந்தது.

“முந்நூறோ!” என்று அவர் நெஞ்சில் கை வைத்தார். “இந்தத் தகரத்துக்கோ? கூரைத் துணியைப் பாருங்கோ, கிழிஞ்சு தொங்குது.”

“தெச்சா சரியாப் போச்சு. ஊசி நூல் இல்லையா ஜொகூர் பாருவுல?”

“பின் டயர் மொட்டை.”

“மத்த மூணும் இருக்குல்ல? தொரை இதுல சிங்கப்பூருக்கே போய் வருவாரு.”

“ஹாரன் அடிக்குதில்லை.”

“நீங்க போற வேகத்துக்கு எவன் குறுக்க வருவான்?”

மெக்கானிக் சுருட்டோடு திரும்பி வந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார். எனக்குக் குரல் ஏறிவிட்டது. நடிக்கிறோம் என்பதே சீக்கிரம் மறந்துபோயிற்று. இருநூற்றெண்பது என்று இறங்கினேன். அவர் விளக்கைக் காட்டினார்.

“இதின்ர வெள்ளைப் பூச்சை ஆர் சுரண்டினது?”

“சுரண்டலைங்க! அழுக்குப் போக வெளக்கி வச்சிருக்கேன். பாருங்க, எப்படி மின்னுது!”

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் தேய்த்து எடுத்தது அழுக்கில்லையாம். பித்தளைக்கு மேலே போட்டிருந்த நிக்கல் பூச்சாம். மானம் போயிற்று. அதற்காகப் பத்து வெள்ளி இறங்கினேன். அவர் இருநூற்றைம்பதில் வந்து நின்றுகொண்டார். அங்கே முடித்திருக்கலாம். ஆனால் பேரத்தில் சூடேறிய வாய் சும்மா இருக்குமா? “விடியக்காலையில எழுந்து காடி கழுவினேன், அந்தக் கூலி யாரு தர்றது?” என்று பிடித்துக்கொண்டேன். அவர் இதை எதிர்பார்க்கவில்லை. முழித்தார், முனகினார், சட்டைப் பையைத் துழாவினார். கடைசியில் இன்னொரு பத்து வெள்ளியையும் வாங்கித்தான் காடியை விட்டேன். அந்தப் பத்து மட்டும் நாடகமில்லை, நிஜமாகவே நான் கறந்தது.

முழுப் பணத்தையும் அங்கேயே கொடுத்துவிட்டு, கையெழுத்து வாங்கப் பிறகு வருவதாகச் சொல்லிக் காடியை எடுத்துக்கொண்டு போனார். சொன்னபடியே என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்ததும் வந்தார். இவர் கையெழுத்தைப் போட்டுவிட்டு, இரண்டாவது கியரை எப்படித் தாஜா பண்ண வேண்டும் என்று அவரை வெயிலில் நிற்கவைத்து வகுப்பெடுத்தார். அந்த ஐயா போனபிறகு நான் விலையைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் என்னையே முறைத்துப் பார்த்தார்.

“நானா இருந்தா எரநூறு சொல்லியிருப்பேன்” என்றார். “எரநூத்தறுபதா வாங்குன?”

நாங்கள் கப்பலுக்குப் பேர் கொடுக்கவில்லை. ஆயர் ஈத்தாமில் பாதிக் கடையை எடுத்து, பிறகு முழுக் கடையையும் எடுத்து, நான் தோசை சுட, அவர் லாரி ஓட்ட, பிள்ளைகளை ஆளாக்கினோம். அவர் கண்ணை மூடுகிற வரைக்கும் ஒரே கூரைக்குக் கீழேதான் இருந்தோம். அந்த ஐயாவை மறுபடி பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. ஜொகூர் பாரு போகிற பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் என் கண்கள் ஒரு மூக்குக் கண்ணாடியைத் தேடியதுண்டு.

அவர் அன்று செய்தது என்ன என்பது எனக்குக் கடை வைத்துக் கொஞ்சநாள் ஆனபிறகுதான் உறைத்தது. இருநூற்றைம்பதை அவர் சும்மா நீட்டியபோது நான் வாங்கவில்லை. வற்புறுத்தியிருந்தால் துரத்தியே விட்டிருப்பேன், குடும்பம் கப்பலேறியிருக்கும். என்னைப் பைத்தியம் என்று விட்டுப் போகவும் இல்லை, தொண்ணூறுக்குத் தட்டிக்கொண்டு போகவும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே வித்தையான பேரத்துக்கு அவரே இறங்கி வந்து, என் கையால் தோற்றார். என் குடும்பம் பிரியாமல் இருந்ததற்காக அவரை நான் கும்பிடாத நாளில்லை. அதை என் வாய்ச் சாமர்த்தியத்தால் நானே ஜெயித்தேன் என்று என்னை நினைக்க விட்டாரே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கண் கலங்குகிறது.