முத்தமில்லாத ஜப்பான் படம்

பொது அரங்கில் ஒரு படத்தைத் திரையிடுமுன் பொறுப்பாளர் அதை முழுவதும் பார்த்திருக்க வேண்டும். நியூஜெர்சி பிரிட்ஜ்வாட்டரில் எங்கள் முதியோர் குழுவுக்கு இந்த விதியை எழுதியவன் நான். போன கோடையில் அதை மீறியவனும் நான்தான்.

பிள்ளைகளோடு வந்து தங்கியிருக்கும், கார் ஓட்டத் தெரியாத பெற்றோர்கள் நாங்கள். சனிக்கிழமை பிற்பகல், பேரப்பிள்ளைகளை வகுப்புகளில் விடுகிற வழியில் எங்களையும் நூலகத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கே ஓர் அறையில் ஒரு படம். வாரத்தில் எங்களுக்கு வெளியுலகம் அவ்வளவுதான்.

திரையில் முத்தம் வந்தால் எங்கள் அறை மொத்தமும் தரையைப் பார்க்கும். அதனால் நூலக அம்மாளிடம் நான் கேட்பது ஒரே கேள்வி: முத்தக்காட்சி உண்டா? அந்த வாரம் கிடைத்தது ஒரு பழைய ஜப்பான் படம். அட்டையில் மூடுபனி மலை, கண்மூடி உட்கார்ந்த குரு. "ஒன்றுகூட இல்லை" என்றார் அந்த அம்மாள். தியானம், ஒழுக்கம் என்று முடிவுகட்டி அனுமதி கொடுத்துவிட்டேன்.

படம் தொடங்கிய சற்று நேரத்தில் ஒரு கை தனியாகப் பறந்தது. தோட்டத்துக் குழாய் வெடித்ததுபோல ரத்தம். நிறுத்துவதற்காக எழுந்தேன்.

"உக்காருங்க சார், மறைக்குது!" என்றார் கோயம்புத்தூரில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"அம்மா, இது வன்முறைப் படம்..."

"அது தெரியுதுங்க. அந்த மொட்டைத்தலையன எப்ப வெட்டுவாங்க, அதச் சொல்லுங்க!"

பின்வரிசையிலிருந்து சென்னை டாக்டர் குரல் கொடுத்தார். "ஒரு மனுஷன் உடம்புல மொத்தமே அஞ்சு லிட்டர்தான் சார். இவன் டேங்கர் லாரி வெச்சிருக்கான்!"

மொட்டைத்தலை உருண்டபோது எல்லோரும் கைதட்டினார்கள். அந்த நேரம் பார்த்து நூலக அம்மாள் கதவைத் திறந்தார். திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

யாரும் கேட்குமுன் விளக்கம் எழுதிவிடுவது என் உத்தியோக காலத்துப் பழக்கம். தவறு என்னுடையது, படம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பிலிருந்து என்னை நீக்குங்கள், அறையை மட்டும் பறிக்காதீர்கள் என்று நூலக அம்மாளுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அதைப் பெருமையாக டீச்சரிடம் போனில் படித்தும் காட்டினேன்.

"யாருங்க உங்கள எழுதச் சொன்னது? அந்தம்மா பேசாமத்தான போனாங்க! இப்ப ரூம் போச்சுன்னா சனிக்கிழமை நாங்க எங்கீங்க போறது, உங்க வீட்டு கராஜுக்கா?"

ஆகஸ்ட் முழுவதும் நூலகம் பூச்சு வேலைக்காக மூடியிருந்தது. பதிலும் இல்லை. கோயிலில் பார்த்தால்கூட, நலம் விசாரிக்காமல், "ரூம் என்னாச்சு சார்?" என்றுதான் ஆரம்பித்தார் டாக்டர். எனக்குப் பிரசாதம் இறங்கவில்லை.

கடைசியில் பதில் வந்தது. அந்த அறையிலிருந்து அப்படி ஒரு கைதட்டலைத் தான் கேட்டதே இல்லை என்று அந்த அம்மாள் எழுதியிருந்தார். அறை வருடக் கடைசி வரை எங்களுக்குத்தான். அந்தப் படத்துக்கு இரண்டாம் பாகமும் இருக்கிறதாம், எடுத்து வைக்கட்டுமா?

யாராவது கண்டித்தால்தான் ஒரு விவகாரம் முறைப்படி முடிந்ததாக நம்பி வந்த என்னை, கண்டிப்பே இல்லாமல் அந்தப் பதில் வந்த நாள் கொஞ்சம் மாற்றிவிட்டது: செப்டம்பர் மாதம், அமெரிக்கத் தொழிலாளர் தின விடுமுறைக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை.