குழாய் கழன்றவர்கள் வரவில்லை

ஆஸ்பத்திரியில் சிகிச்சை எப்படி நடக்கிறது என்று கணக்கெடுத்த முதல் ஆடிட்டில் வசமாக மாட்டியது எங்கள் வார்டுதான். சிறுநீர் இறங்காமல் கிட்னி வீங்கியவர்களுக்கு முதுகு வழியாகக் குழாய் போட்டு, பை மாட்டி வீட்டுக்கு அனுப்புவோம். பி.சி.என். என்போம். அப்படி அனுப்பியவர்களில் பலர், குழாய் கழன்று திரும்பி வருகிறார்கள் என்றது ஆடிட். பஸ் படி ஏறினால் பை இழுக்கும், தூக்கத்தில் புரண்டால் இழுக்கும், வேறென்ன?

டாக்டர் கூடுதலாக ஒரு தையல் போட ஆரம்பித்தார். நல்ல காரியம். கூடவே, கழன்று வந்தவர்களைத் திட்டவும் ஆரம்பித்தார்.

கம்பைநல்லூர் நூர்ஜஹானுக்குக் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய். அது சிறுநீர்ப் பாதையை அடைத்திருந்தது. கணவர் பாஷா டெய்லர். பை வெளியே தெரியாமல் புடவைக்குள் கட்டிக்கொள்ள நாடா வைத்துத் துணி உறை தைத்துக் கொடுத்திருந்தார். ஒரு தடவை குழாய் கழன்றதும் அன்றைக்கே ஓடிவந்தார்கள். “ஒரு குழாய பாத்துக்கத் தெரியாதா? உன்னால எங்க பேரு கெடுது” என்றார் டாக்டர், வார்டே கேட்க. நூர்ஜஹான் தலையைத் தூக்கவே இல்லை. புதுக் குழாய் போட்டு அனுப்பினோம்.

அடுத்த ஆடிட்டில் கழன்று வந்தவர்கள் மிகக் குறைவு. மீட்டிங்கில் கைதட்டினோம். எல்லோருக்கும் மைசூர்பாகு.

பிறகு ஒருநாள் பாஷா தனியாக வந்தார். கையில் அந்தத் துணி உறை. உள்ளே பிரிக்காத பைகள்.

“மீந்துபோச்சுங்க சிஸ்டர். யாருக்காச்சும் ஆவும்.”

மறுபடி கழன்றதா என்று கேட்டேன்.

“ஆமாங்க. கூப்புட்டுப் பாத்தேன். போனா திட்டுவாங்க, நான் வரலைன்னுட்டா. மூஞ்சியெல்லாம் வீங்கி, வூட்டுலயே மூச்சு வாங்கிக் கெடந்தா.”

எப்போது தவறினார் என்று கேட்டேன். சொன்னார். நாங்கள் கைதட்டிய அதே வாரம்.

சண்டை போட்டு, வராதவர்களுக்கும் போன் செய்து விசாரிக்க வேண்டும் என்று ஆடிட்டில் சேர்க்க வைத்தேன். என்ன புண்ணியம்? போன் எடுக்காதவர்களை ‘தொடர்பில் இல்லை’ என்று போட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுகிறார்கள். டாக்டரும் மாறவில்லை. எனக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். கணக்கு நன்றாக வந்தால், கைதட்டும் முன் யார் வரவில்லை என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. மைசூர்பாகு நன்றாக இருந்தது. இரண்டாவது துண்டும் எடுத்துக்கொண்டேன்.