காகிதம் விரித்த இடம்

தையல்காரருக்குப் பொறுமைசாலி என்று பெயர். கழுத்துப் பட்டி ஒரு நூல் பிசகினாலும் பிரித்துவிட்டு மறுபடி தைப்பார். யாரிடமும் போய்த் தொழில் படித்தவரில்லை. பழைய கோட்டுகளைத் தையல் தையலாகப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டவர். நாய்க்குட்டியையும் அதே பொறுமையால் பழக்கிவிடலாம் என்று நம்பியதுதான் வினையாகப் போயிற்று.

குட்டியைக் கொண்டுவந்து விட்டவர் மச்சான், மனைவியின் அண்ணன். நடையில் ஒரு மிடுக்கு இருந்ததால் அதற்குத் துரை என்று பெயர் வந்தது. துரை வந்த பிறகு வீட்டில் தரை காயவே இல்லை. மனைவிக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. பகலெல்லாம் அழுக்குத் துணியோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தால், இங்கேயும் துடைப்பதுதான் வேலை.

“என்னங்க, சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை அண்ணன் வராரு. அதுக்குள்ள இது வெளிய போகப் பழகலேன்னா அவரோடயே அனுப்பிடுவேன்.”

அவள் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் மெஷின் சத்தம் மட்டும்தான் துணை. இப்போது காலடியில் ஒரு மூச்சுச் சத்தமும் இருந்தது. தையல்காரருக்கு அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

அறை மூலையில் செய்தித்தாளை விரித்தார். துரை அதன்மேல் ஒன்றுக்குப் போனால் ஒரு பிஸ்கட் துண்டு, தலையில் ஒரு தடவல். தாளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்லைக் கதவை நோக்கி நகர்த்தினார். வாசற்படிவரை வந்துவிட்டது. தாளைக் கண்டால் போதும், துரை ஒரு வட்டமடித்து உட்கார்ந்துவிடும். இன்னும் படி தாண்டவேண்டியதுதான் பாக்கி.

அப்போதுதான் டீச்சரம்மாவின் கோட்டு வேலைக்கு வந்தது. எந்தத் துணியானாலும் முதலில் செய்தித்தாளில் அளவு வரைந்து வெட்டி, அதைத் துணிமேல் வைத்து வெட்டுவதுதான் அவர் வழக்கம். கம்பளித் துணியைத் தரையில் விரித்தார். மேலே வெட்டிய தாள்களைப் பரப்பினார். கத்தரிக்கோலை எடுக்கத் திரும்பினார்.

திரும்பிப் பார்த்தால், கோட்டின் இடது கைக்கான தாளின் நடுவில் துரை உட்கார்ந்திருந்தது.

“அடப்பாவி! டீச்சரம்மா கோட்டுடா!”

அது ஓடவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு, பிஸ்கட் எங்கே என்று அவர் கையையே பார்த்தது. ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

சாயங்காலம் மனைவி உள்ளே நுழைந்ததும் மூக்கைச் சுளித்தாள்.

“தண்ணி கொட்டிட்டேன்” என்றார்.

“நான் எங்க வேலை பாக்கறேன்னு மறந்துட்டீங்களா? எது எந்த ஈரம்னு என் மூக்கு சொல்லும்.”

நடந்ததைச் சொன்னார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“பேப்பர்ல போடான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னது யாரு? பாவம், சொன்ன பேச்சைக் கேட்டிருக்கு!”

“சிரிக்காதே. எனக்குப் பத்திக்கிட்டு வருது.”

“துணியை நான் அலசித் தரேன். ஆனா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமைதான்.”

மறுநாள் வீட்டுத் தரையில் ஒரு தாள்கூட இல்லாமல் ஒழித்தார். வந்தது புதுத் தலைவலி. கொல்லையில் விட்டால் துரை புல்லெல்லாம் மோந்து தாளைத் தேடும். கிடைக்காமல் அடக்கிக்கொண்டு உள்ளே வரும். ஆணியில் தொங்கிய பழைய அளவுத் தாள்களில் ஒன்றை இழுத்துப் போட்டு, அதன்மேல் காரியத்தை முடிக்கும். அவற்றையும் அலமாரி உச்சிக்கு ஏற்றினார். தாளே இல்லாமல், அலசிக் காய்ந்த கோட்டுத் துணியில் நேராக சாக்பீஸால் வரைய உட்கார்ந்தார். பழக்கமில்லாத வேலை. ஒவ்வொரு கோடு இழுக்கும்போதும் பல்லைக் கடித்தார்.

சனிக்கிழமை, கோட்டில் கை சேரும் கைக்குழி வளைவை வரைந்துகொண்டிருக்கும்போது, கொல்லைக் கதவில் பிராண்டும் சத்தம் கேட்டது. கூடவே ஒரு முனகல். அதுவாகக் கதவுக்குப் போனது அதுதான் முதல் தடவை. கையை எடுத்தால் வளைவு போச்சு. எடுத்தார், ஓடினார்.

வெளியே தூறல். துரை ஒவ்வொரு புல்லாக மோந்துகொண்டே போயிற்று.

“போடா, என் ராசா, போ. உன் காலைப் பிடிக்கிறேன்.”

துரை நின்றது. வட்டமடித்தது. வெறும் புல்லில் உட்கார்ந்தது.

தையல்காரர் மழையில் நின்று கைதட்டினார். சமையலறை ஜன்னலில் மனைவியின் முகம் தெரிந்தது.

“ஊரையே கூப்பிடுங்க!”

“உங்க அண்ணனுக்குப் போன் போட்டு, வெறுங்கையோட திரும்பிப் போகத் தயாரா வரச் சொல்லு!”

“ரொம்பத்தான். சரி, சொல்றேன்” என்று பிஸ்கட் டப்பாவை ஜன்னல் வழியே நீட்டினாள்.

உள்ளே வந்து பார்த்தால், கைக்குழி வளைவு பை வரும் இடம்வரை இழுத்துக்கொண்டு போயிருந்தது. வாய்க்குள் திட்டிக்கொண்டே துணியைத் தட்டி உதறிவிட்டு, முதலிலிருந்து வரையத் தொடங்கினார்.